ஒரே ஒருவர் வசிக்கும் தெரு

எங்கள் தெருவில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு என்று புயல் பாதிப்பு முன்னறி நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அவர்களுக்கு எட்டு மாடிக் கட்டடம் இருக்கிறது, ஒவ்வொரு மாடியிலும் குளிர்சாதனம் இருக்கிறது. எங்களுக்கு விரல்கள் மட்டும்தான். எண்ணிக்கையில் யார் சொல்வது சரியாக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெரு கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஊருக்குள் போக ஒரே ஒரு சாலை, அதுவும் தண்ணீர் வந்தால் முதலில் முங்கிவிடும். போன புயலில் வீட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறியது. எங்களுக்கு வர வேண்டிய பஸ் மேட்டுத் தெருவுக்குப் போய், நனையாத ஆட்களை ஏற்றிக்கொண்டு, நனையாத இன்னொரு இடத்தில் இறக்கிவிட்டது. இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்த நிறுவனத்தையே தொடங்கினார்கள். தொடக்க விழாவில் இயக்குநர் பேசியதை எல்லாத் தெருவிலும் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார்கள்.

"இனிமே யாரும் மனு எழுத வேண்டாம். மனு எழுதும்போது மக்கள் யோசிச்சு எழுதறாங்க. யோசிச்சாலே உண்மை கெட்டுப்போயிடும். சமூக ஊடகத்துல அப்படி இல்ல, யாரும் யோசிக்கறதே இல்ல. அதனாலதான் அது அறிவியல். உங்க பயத்தை 'நான்'னு ஆரம்பிச்சு, சொந்த வார்த்தையில பதிவு போடுங்க. எங்க இயந்திரம் அதைப் படிச்சு, எந்தத் தெருவுல எத்தனை பேர், எவ்வளவு பலவீனம்னு கணக்கு எடுத்து, புயலுக்கு முன்னாடியே பஸ் அனுப்பும். எங்க ஆளுங்க யாரும் உங்க தெருவுக்கு வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. இது என் உறுதிமொழி."

கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டல் பலமாக இருந்தது.

எங்களிடம் பயத்துக்குப் பஞ்சமில்லை, போனுக்குத்தான் பஞ்சம். போன புயலில் தெருவின் போன்கள் எல்லாம் தண்ணீர் குடித்துச் செத்துப்போயின. அவை ஒவ்வொன்றும் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சார்ஜர் அக்காவின் இழுப்பறையில் கிடந்தன. என்னைவிட இருபது வயது இளையவள்தான், ஆனாலும் தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்காதான். உயிரோடு இருந்தது அவளுடைய ஒரு போன் மட்டும். அது தப்பித்ததும் ஒரு கதை. அவள் கணவர் கூரை போடுகிறவர். போன புயலன்று பிறத்தியார் வீட்டுத் தகரத்தைக் கட்டப்போய் மேலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கியது, சட்டைப்பையில் இருந்த போனில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"எது வேணும் எது வேண்டாம்னு மேல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்பார் கூரைக்காரர், கட்டிலில் படுத்தபடி. அன்று படுத்தவர்தான், உட்காரக்கூட முடியாது. அவரை நகர்த்த நாலு பேரும் ஒரு கதவுப் பலகையும் வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் நாலு பேர் எங்கே, பலகை எங்கே. அதனால் தண்ணீருக்கு முன்னால் பஸ் வந்தே ஆக வேண்டும். சார்ஜர் அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு கோரிக்கையே கிடையாது.

ஆகவே தெருவே அவள் கடை முன் வரிசையில் நின்றது. ஆளாளுக்குச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். 'நான்' என்று ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்களே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே செய்தாள்.

பேக்கரிக்காரர் மருமகள் சொன்னாள்: "நான் எட்டு மாசம். மாடிப்படி இருந்தாலும் ஏற முடியாது, ஆனா மாடியே இல்ல."

வாட்ச்மேன் சொன்னார்: "எனக்கு இதயத்துல ஆபரேஷன் ஆயிருக்கு. காத்து சத்தம் கேட்டாலே படபடங்குது."

ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "எனக்கு நீச்சல் தெரியாது. என் பூனைக்கும் தெரியாது."

நான் தையல்காரன். "நான் துணி தைக்கறேன். வலது முழங்கால் மடங்காது. ஓடுன்னு சொன்னா நிக்கத்தான் முடியும்," என்றேன்.

முடிதிருத்துகிறவர் தன் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, மீசையோடு ஒரு படமும் போடச் சொன்னார். மூன்று விதவைகள் மூன்று விதமாக அழுதார்கள். மூன்று நாளில் அவளுக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. கடைசியாக உள்ளறையிலிருந்து கூரைக்காரர் குரல் கொடுத்தார்.

"என்னுதையும் போடு. நான் கூரை போடறவன். இப்போ படுத்திருக்கேன். தண்ணி வந்தா மிதக்க மாட்டேன். இதை முன்கூட்டியே சொல்லிக்கறேன்."

"ஏங்க, விளையாட்டா சொல்லாதீங்க. இயந்திரம் தப்பா நினைச்சுக்கும்," என்றாள் அவள்.

"நான் விளையாட்டா சொல்லல. எழுது."

எழுதினாள். ஒவ்வொரு பதிவுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது: "உங்கள் உணர்வு பதிவாகிவிட்டது. நன்றி." எங்கள் உணர்வுக்கு அதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. வாட்ச்மேன் கண் கலங்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவள் போனுக்கு அறிக்கை வந்தது.

"வாழ்த்துகள். இந்தக் கடற்கரையிலேயே மிகப் பலவீனமான நபராக நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். வயது: ஏழு முதல் எழுபத்தொன்பது வரை. நிலை: எட்டு மாதக் கர்ப்பம், மூன்று முறை விதவை, மீசை உண்டு. தொழில்: பதினாறு. உடல்: இதயத்தில் அறுவை சிகிச்சை, இடுப்பெலும்பு முறிவு, மடங்காத வலது முழங்கால். மதிப்பெண்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. துணைக்குப் பூனை இருப்பதால் மூன்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. உங்கள் தெருவின் மக்கள்தொகை: ஒன்று. ஒதுக்கீடு: ஒரு இருக்கை."

அந்த முழங்கால் என்னுடையது.

கூரைக்காரர் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலித்தாலும் சிரித்தார். "ஓ, எட்டு மாசமா? அதான் எழுந்திருக்க முடியல," என்றார். சார்ஜர் அக்கா சிரிக்கவில்லை. "டைலரண்ணே, நீங்க என்கூட வாங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்," என்றாள். நான் ஒரு காலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குச் சீருடை தைத்தவன். அதனால் எனக்கு அலுவலகம் தெரியும் என்று தெருவில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

நிறுவனத்தின் வரவேற்பறையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எந்தத் தெரு என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களை நான் பார்க்கக் கூடாதும்மா. ஆளை நேர்ல பார்த்தா இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா கணக்கு சாய்ஞ்சுடும். எதுவா இருந்தாலும் பதிவு போடுங்க."

"இங்கயே நின்னுக்கிட்டா?"

"எங்க வேணும்னாலும் நின்னுக்கலாம். அது உங்க சுதந்திரம்."

ஒன்றரை மணி நேரம் நின்றோம். என் முழங்காலுக்கு நிற்பது மட்டும்தான் தெரியும் என்பதால் எனக்குச் சிரமமில்லை. அவள் பொறுமை இழந்து தட்டினாள்: "நான் ரொம்ப நேரமா நிக்கறேன். மூச்சு முட்டுது. எங்களைக் காப்பாத்த இங்க யாருமே இல்ல."

கட்டடம் முழுக்கச் சங்கு ஊதியது.

நடந்தது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கடற்கரையின் மிகப் பலவீனமான நபர் தன் தெருவை விட்டு நகர்ந்து, நிறுவனத்தின் வரவேற்பறைக்குள் வந்துவிட்டதாக இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. ஆகவே கடற்கரையிலேயே ஆபத்தான இடம் இப்போது இந்தக் கட்டடம்தான். அரைமணி நேரத்தில் இரண்டு லாரி மணல் மூட்டை வந்தது. பிறகு ஒரு மருத்துவர், நாலு படகு. மணல் மூட்டைகளை மின்தூக்கியில் ஏற்றி எட்டாவது மாடி ஜன்னல்களில் அடுக்கினார்கள். எழுத்தர்கள் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கோப்பு பார்த்தார்கள். எங்கள் தெரு நாலு வருஷமாக ஒரு மணல் மூட்டைக்கு அலைந்துகொண்டிருக்கிறது. நிறுவனத்துக்கு அரைமணியில் எண்ணூறு.

இந்த வெற்றியைக் கொண்டாடுகிற மனநிலையில் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டார். அவரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் நடுவில் திரை கட்டியிருந்தார்கள், சட்டையின் ஆரஞ்சு ஓரம் மட்டும் தெரிந்தது.

"சார், எங்க தெருவுல நூத்தி நாப்பத்து மூணு பேர் இருக்கோம்," என்றாள் சார்ஜர் அக்கா. "எல்லாரும் என் ஒரு போன்லதான் எழுதினாங்க. என் வீட்டுக்காரர் இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கார். பஸ் வரலன்னா..."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. உணர்ச்சியைப் பதிவுல போடுங்க, அங்க மதிப்பெண் உண்டு. இங்க சொன்னா வீண். ஒரு போன் கணக்குன்னா ஒரு ஆள். இது உலகம் ஒத்துக்கிட்ட விஷயம்."

"சார், அந்த ஜன்னலைத் திறந்தா எங்க தெரு தெரியும். எண்ணிப் பார்த்துக்கலாம். மொத்தம் முப்பத்தாறு வீடு."

திரைக்குப் பின்னால் நாற்காலி சட்டென்று பின்னுக்கு நகர்ந்தது. கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர்கள் அப்படித்தான் நகர்வார்கள்.

"இந்த ஜன்னலை நாங்க திறந்ததே இல்லம்மா," என்றார் இயக்குநர் மெதுவாக. "ஜன்னல்ல பார்த்தா அது அபிப்பிராயம். இயந்திரத்துல பார்த்தா அது தரவு. இதுவரைக்கும் எங்க கணக்கு தப்புன்னு ஒரு தடவைகூட நிரூபணம் ஆனதில்ல. ஏன்னா நாங்க போய்ப் பார்த்ததே இல்ல."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

திருத்தம் செய்ய இரண்டு வழி உண்டு என்றார்கள். ஒவ்வொருவரும் தத்தம் போனில் தனித்தனியாகப் பதிவு போடலாம். இல்லாவிட்டால், தான் ஒரே ஆள் இல்லை என்று அந்த ஒரே ஆளே எழுதித்தரலாம். அவள் அங்கேயே தட்டினாள்: "நான் ஒரு ஆள் இல்ல. நான் நூத்தி நாப்பத்து மூணு பேர்." உடனே பதில் வந்தது. மனக்குழப்பம் புதிதாகச் சேர்ந்திருப்பதால் மதிப்பெண் தொண்ணூற்றெட்டாக உயர்ந்திருந்தது. இருக்கை ஒன்றுதான்.

முதல் வழியையும் விடவில்லை. செத்த போன்களைப் பிரித்து, இதன் மின்சுற்றுப் பலகையை அதில் வைத்து, அதன் பேட்டரியை இதில் வைத்து, பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் உழைத்தாள். இரண்டு போனுக்கு உயிர் வந்தது. முதல் போனில் என் முழங்காலை நானே பதிவு செய்தேன். "இந்த முழங்கால் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் உள்ளது. பிறர் வேதனையைத் திருடுவது குற்றம்," என்று வந்தது. கணக்கை முடக்கிவிட்டார்கள். இரண்டாவது போனில் கூரைக்காரரின் இடுப்பைப் பதிவு செய்தோம். அதுவும் திருட்டு என்று தெரிந்தது.

"விடு," என்றார் கூரைக்காரர் அவளிடம். "என் இடுப்பே என்னுது இல்லன்னு ஆயிடுச்சு. வலி மட்டும் ஏன் என்கிட்ட விட்டு வெச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லு." அவள் திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று கடை திறக்கவில்லை.

புயல் எச்சரிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நடக்க முடிந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலை முங்குவதற்குள் நடந்தார்கள். பேக்கரிக்காரர் மருமகளை மாவு வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தூக்கிச் செல்ல ஆள் இல்லாதவர்களும், அவர்களை விட்டுப் போக மனசு இல்லாதவர்களும் மிஞ்சினோம், முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. கதவுப் பலகை தயாராக இருந்தது. கூரைக்காரரைப் பலகையில் வைத்து மூன்று மைல் தூக்க நாலு திடகாத்திரமான ஆள் வேண்டும். இருந்தவர்களில் திடகாத்திரமானது வாட்ச்மேன்தான், அவருக்கு இதயத்தில் ஆபரேஷன்.

பகல் இரண்டு மணிக்கு மீட்பு ஊர்தி வந்தது. பெரிய ஊர்திதான். பாதி இடத்தில் பதாகை, மீதியில் படம் பிடிக்கும் கருவிகள், நடுவில் பட்டுத் துணி போர்த்திய ஒரு இருக்கை. கள அலுவலர் இறங்கினார். வாழ்நாளில் முதல்முறையாகக் களத்தைப் பார்க்கிறார் என்பது அவர் காலணியிலேயே தெரிந்தது. எங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, கையில் இருந்த கருவியையே பார்த்தார். "அந்த நபர் எங்க?" என்றார்.

சார்ஜர் அக்கா யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்ப் போனைத் தன் கணவர் கையில் திணித்தாள். நானும் வாட்ச்மேனும் முடிதிருத்துகிறவரும் அவளும் சேர்ந்து கட்டிலை வாசல் வரை இழுத்துவிட்டோம்.

"இவர்தாங்க," என்றாள்.

கருவி பீப் என்றது. அலுவலர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தார்.

"எட்டு மாதக் கர்ப்பம்?"

"ஆமா சார்," என்றார் கூரைக்காரர்.

"ஏழாம் வகுப்பு?"

"போறேன் சார். லீவு."

"மூன்று முறை விதவை?"

கூரைக்காரர் மனைவியைப் பார்த்தார். "நாலாவது தடவை ஆகாம இருக்கத்தான் சார் உங்களைக் கூப்பிட்டோம்."

"பூனை?"

"மேட்டுக்குப் போயிடுச்சு."

எல்லாம் பொருந்தியது. அலுவலர் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டார். சார்ஜர் அக்காவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "எழுந்து வந்து உட்காருங்க," என்றார் அலுவலர்.

"உட்கார முடியாது சார். அதான் உங்க தாள்லயே இருக்கே. படுக்க வெச்சுத்தான் கொண்டுபோகணும்."

அலுவலர் இருக்கையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார். "படுத்தா மூணு இருக்கை ஆகும். ஒதுக்கீடு ஒண்ணு."

"அந்தப் பதாகையை இறக்கி வெச்சா இடம் வரும் சார்!" அவள் கத்தினாள். "நாங்க யாரும் வரல. இவரை மட்டும் கொண்டுபோங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"பதாகையும் ஒதுக்கீடுதாம்மா."

அவர் மறுபடி கருவியை நீட்டினார். கட்டிலின் தலைமாட்டில் நீட்டினார், பீப் இல்லை. காலில் நீட்டினார், இல்லை. கையில் இருந்த போனுக்கு நேராக நீட்டியதும் பீப் என்றது. அவர் முகம் தெளிந்தது. நூற்று நாற்பத்து மூன்று பேரின் கர்ப்பமும் முழங்காலும் இதயமும் எங்கே இருக்கின்றன என்று கருவியே சொல்லிவிட்டது. கூரைக்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்தார். தண்ணீர் புகாத பையில் போட்டார். பட்டு இருக்கையில் வைத்து, வார்ப்பட்டையைக் குறுக்காக மாட்டினார். படம் எடுத்துக்கொண்டார்கள். "மிகப் பலவீனமான நபர் ஒருவர், நல்ல நிலையில் பெறப்பட்டார்," என்று ரசீது எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் சாலையைத் தொடுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

"ஜன்னல் ஓரமா உட்கார வெச்சாங்களா?" என்று கேட்டார் கூரைக்காரர்.

நாலு மணிக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்தது. கட்டிலைக் கடை மேசைமேல் ஏற்றினோம். ஐந்தரைக்கு மேசை மூழ்கியது. நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன், அதற்கு முழங்கால் மடங்க வேண்டியதில்லை. அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய கை மரத்துப்போனது அவளுக்குத் தெரியவில்லை. அவர் போனதும் தெரியவில்லை. தண்ணீர் இறங்கிய பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்குங்க, வடிஞ்சுடுச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் கையை எடுத்துவிட்டேன். அதை என்னால் மறக்க முடியவில்லை, மறக்கவும் வேண்டாம்.

ஒன்பது பேர் போனோம். போனோம் என்றுதான் எனக்கு எழுத வருகிறது.

பதினோரு நாள் கழித்து ரசீதை எடுத்துக்கொண்டு இருவரும் நிறுவனத்துக்குப் போனோம். வரவேற்பறையில் விழா நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், குளிர்ச்சியான இடத்தில், சார்ஜ் நிரம்பி அவளுடைய போன் இருந்தது. இயக்குநர் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"அந்தத் தெருவுல இருந்து போன மாசம் வரைக்கும் ஓயாம அழுகை வந்துக்கிட்டே இருந்தது. நம்ம மீட்பு நடந்த அந்த நிமிஷத்துல இருந்து அங்கிருந்து ஒரு புகார்கூட இல்ல. பதினோரு நாளா ஒரு சொல்கூட வரல. தொண்ணூற்றெட்டா இருந்த பலவீனம் இன்னிக்குப் பூஜ்யம். மீட்கப்பட்டவர் நலமா இருக்கார். இதைவிட ஒரு அறிவியல் என்ன செய்யணும்?"

கைதட்டல் அடங்கிய பிறகு கழுத்துப்பட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே போனை அவளிடம் கொடுத்தார். 'மீட்கப்பட்டவர் தெருவுக்குத் திரும்புகிறார்' என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். யாரும் வரிசையில் நிற்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அவளே தட்டினாள். போன ஒன்பது பேருக்கும் ஒவ்வொன்றாக, 'நான்' என்று ஆரம்பித்து, முன்பு அவர்கள் சொன்ன அதே வார்த்தையில், கடைசி வரி மட்டும் புதிதாகச் சேர்த்து எழுதினாள். ஒன்பதாவது அவருடையது.

"நான் கூரை போடறவன். மிதக்க மாட்டேன்னு முன்கூட்டியே சொன்னேன். மிதக்கல."

பதில் உடனே வந்தது. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்கள் பாதுகாப்பாக இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. நன்றி."